வெடித்த பின் கூடிய அவை

அணுகுண்டைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கிறார்கள். இயற்பியல் கற்றீர்களா, படையில் பணியாற்றினீர்களா, டில்லியில் கோப்புகளைப் புரட்டினீர்களா என்று அடுக்குகிறார்கள். இல்லையென்றால் பேசாதிருங்கள், அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆலோசனை கூற ஆணையங்களும் குழுக்களும் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஆராய்ந்தே முடிவு செய்தார்கள் என்று நம்மை அமைதிப்படுத்துகிறார்கள்.

அந்த ஆணையங்களையும் குழுக்களையும் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். அவற்றை அமர்த்தியவர் யார்? அவை எப்போது கூடின? அவற்றின் முன் வைக்கப்பட்ட கேள்வி யாது? "வேண்டாம்" என்று சொன்ன உறுப்பினர் என்ன ஆனார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் இயற்பியல் பட்டம் வேண்டுவதில்லை. ஓர் ஊர் ஜமாஅத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்த அனுபவம் இருந்தால் போதும்.

திருச்சிக்காரர்களுக்கு இது தொலைவிலுள்ள டில்லிச் செய்தி மட்டும் அன்று. காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத் தீவுக்குள் சென்றால் திருவானைக்கா. 1888 நவம்பர் 7 அன்று சி.வி. இராமன் அங்கேதான் பிறந்தார். பாலத்துக்கு இப்பால், மலைக்கோட்டையின் அடிவாரத்தில், தெப்பக்குளத்தை அடுத்திருப்பது தூய வளனார் கல்லூரி. இராமேசுவரத்து மாணவர் அப்துல் கலாம் 1950 முதல் 1954 வரை பயின்ற இடம். இதே திருச்சியில் 1929-இல் பிறந்தவர் கே. சுப்பிரமணியம்; இந்தியாவின் அணுஆயுதக் கோட்பாட்டின் வரைவை எழுதிய ஆலோசனைக் குழுவை நடத்தியவர். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி உப்புக் காய்ச்ச வேதாரணியத்துக்கு நடந்தது இவ்வூரிலிருந்துதான். புறப்பட்ட வீடு திருவரங்கத்தில் பிறந்த மருத்துவர் டி.எஸ்.எஸ். இராஜனுடையது. அதே இராஜாஜி 1962-இல், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் வாஷிங்டன் சென்று, அணுவெடிச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் கேட்டார். எந்த அரசும் அவரை அதற்கு ஆலோசகராக அமர்த்தவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்க அமர்த்தப்பட வேண்டும் என்று அவர் எண்ணவும் இல்லை.

இனிக் கதையின் தொடக்கத்துக்கு வருவோம். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து மூன்றாண்டுகள் நிறையவில்லை. 1948 ஏப்ரல் 6 அன்று, சட்டமன்றப் பணியையும் சேர்த்துப் பார்த்துவந்த நம் அரசியலமைப்பு மன்றத்தில், பிரதமர் நேரு அணுசக்தி மசோதாவைக் கொண்டுவந்தார். அணு சார்ந்த கனிமம், ஆய்வு, உற்பத்தி அனைத்தையும் அரசின் கையில் ஒப்படைத்து, அவற்றைச் சுற்றி இரகசியச் சுவர் எழுப்பிய மசோதா அது. பெரும்பாலோர் வாழ்த்தி அமர்ந்தார்கள். மைசூரைச் சேர்ந்த எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்னும் உறுப்பினர் அப்படி அமரவில்லை. அமெரிக்கச் சட்டத்தையும் பிரிட்டிஷ் சட்டத்தையும் படித்துவிட்டு வந்திருந்தார். பிரிட்டனில் பாதுகாப்புக்குரியவற்றுக்குத்தான் இரகசியம். இங்கே அமைதிப் பணிக்கான ஆராய்ச்சிக்கும் ஏன் பூட்டு என்று வினவினார்.

நேருவின் மறுமொழி கருதத்தக்கது. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று தமக்குத் தெரியவில்லை என்றார் அவர். அமைதிக்கான அணுவும் போருக்கான அணுவும் ஒரே பாதையில் நெடுந்தூரம் செல்கின்றன என்னும் உண்மையை நாட்டின் முதற் பிரதமரே அவையில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? பிரிக்க முடியாத பொருள் ஆயிற்றே, கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? மாறாக, பிரிக்க முடியாததால் அனைத்தையும் மூடிவைப்போம் என்பதே முடிவாயிற்று. ஏப்ரல் 15 அன்று அது சட்டம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 10 அன்று அணுசக்தி ஆணையம் பிறந்தது. உறுப்பினர் மூவர்: தலைவர் ஹோமி பாபா, செயலராகப் பணியாற்றிய சாந்தி ஸ்வரூப் பட்நாகர், மூன்றாமவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். மூவரும் மேதைகள், அதில் ஐயமில்லை. மூவரும் அரசின் ஆதரவில் வளர்ந்த ஆய்வகங்களை நடத்தியவர்கள் என்பதும் உண்மை. இராமன் விளைவைக் கண்டறிந்தபோது இராமனுடன் உழைத்த கிருஷ்ணன் உள்ளே இருந்தார், இராமன் இல்லை. தம் பெங்களூர் ஆய்வகத்துக்கு அரசுப் பணத்தைத் தவிர்த்துவந்த அந்தத் திருவானைக்காக்காரர் அத்தகைய ஆணையத்தில் அமர்ந்திருந்தால் எத்தனை நாள் நீடித்திருப்பார் என்பது வேறு செய்தி.

அதைவிட முக்கியமான வெற்றிடம் மேகநாத சாஹாவுடையது. அணுக்கரு இயற்பியலைக் கல்கத்தாவில் வேரூன்றச் செய்தவர் அவர். இதற்கு முன்பிருந்த ஆய்வுக் குழுவில் இடம்பெற்றவர். பயிற்சி பெற்ற ஆட்களும் தொழில் அடித்தளமும் இல்லாதபோது தனி ஆணையம் எதற்கு, முதலில் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சியை வளர்ப்போம் என்று அவர் வாதாடினார். அவர் சொன்னது சரியா தவறா என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் வழக்காடட்டும். நாம் காண வேண்டியது, மாற்றுக்கருத்துடையவர் ஆணையத்துக்கு வெளியே நின்றார் என்பதை மட்டும். சாஹா சோர்ந்துவிடவில்லை. 1952-இல் கல்கத்தாவில் கட்சி சாராத வேட்பாளராக நின்று வென்று நாடாளுமன்றம் புகுந்தார். 1954 மே 10 அன்று மக்களவையில் அணுசக்தி பற்றிய விவாதத்தை எழுப்பி, அந்த இரகசியச் சட்டத்தைச் சாடினார். ஆலோசனை மன்றத்தில் இடமில்லாத ஓர் அறிவியலாளர், ஆலோசனை சொல்வதற்காகத் தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது!

அந்த விவாதம் முடிந்து மூன்று மாதம் ஆகுமுன், 1954 ஆகஸ்ட் 3 அன்று அணுசக்தித் துறை என்று தனித்துறை ஒன்று பிரதமரின் நேர்ப் பொறுப்பில் அமைக்கப்பட்டது. அதன் செயலாளர் பாபா. 1958 மார்ச் 1 அன்று ஆணையம் திருத்தி அமைக்கப்பட்டபோது ஒரு விதி எழுதப்பட்டது: துறையின் செயலாளர் எவரோ அவரே ஆணையத்தின் தலைவர். கொள்கை வகுக்கும் அவைக்குத் தலைவரும், அக்கொள்கையை நிறைவேற்றும் துறைக்குச் செயலாளரும் ஒருவரே. அவரே டிராம்பே நிலையத்தின் இயக்குநர். அவரே டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். திட்டம் தீட்டுகிறவர், பணம் கேட்கிறவர், செலவிடுகிறவர், நன்றாக நடந்தது என்று பிரதமரிடம் சான்று கூறுகிறவர் எல்லாம் ஒரே மனிதர்.

திருவெறும்பூர் கொதிகலன் ஆலையில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பணிபுரிந்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்: குழாயைப் பற்றவைத்தவரே அந்தப் பற்றுக்குச் சோதனைச் சான்று கொடுப்பாரா? எவ்வளவு கைதேர்ந்தவராயினும் கொடுக்க மாட்டார். வேறொருவர் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்த பின்புதான் அது ஆலையை விட்டு வெளியேறும். பற்றவைத்தவர் மீது அவநம்பிக்கை என்பதால் அன்று. நீராவிக்கு ஆள் பார்த்து அடங்கும் பழக்கம் இல்லை என்பதால். 1923-ஆம் ஆண்டில், வெள்ளையர் ஆட்சியிலேயே, கொதிகலனை இயக்கத் தனி ஆய்வாளரின் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. ஒரு கொதிகலனுக்கு வேண்டியிருந்த காவல் அணுகுண்டுக்கு வேண்டியதில்லை என்று முடிவு செய்தவர் யார்?

சான்று கூறுவோரும் செய்வோரும் ஒருவராயின் என்ன நேரும் என்பதற்கு 1964 அக்டோபர் நல்ல எடுத்துக்காட்டு. அம்மாதம் 16 அன்று சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. எட்டு நாள் கழித்து, 24-ஆம் தேதி, பாபா அகில இந்திய வானொலியில் பேசினார். பத்துக் கிலோ டன் ஆற்றலுள்ள வெடிப்புக்கு 17.5 லட்சம் ரூபாய்தான் ஆகும் என்றார். ஐம்பது குண்டுகளைப் பத்துக் கோடி ரூபாய்க்குள் முடித்துவிடலாம் என்றார். இந்த மலிவுக் கணக்கு அமெரிக்கர்கள் மலை குடைவது, கால்வாய் வெட்டுவது போன்ற பணிகளுக்கான அணுவெடிகளுக்குப் போட்ட மதிப்பீட்டிலிருந்து எடுத்தது. அவர்களிடம் அணுஉலைகளும் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலைகளும் ஏற்கெனவே நின்றன. அவற்றின் செலவு அந்த விலைச்சீட்டில் இல்லை. குண்டைச் சுமந்து செல்லும் விமானமும், முன்னெச்சரிக்கைக் கருவிகளும், காவலும் இல்லை. மணப்பெண்ணின் சேலை விலையைச் சொல்லிக் கல்யாணச் செலவே இவ்வளவுதான் என்று கூறுவது போன்றது அது.

பொதுமக்கள் அக்கணக்கைக் கேட்டு வியந்தது பெரிதன்று. அதைச் சரிபார்த்து, "ஐயா, இதில் பாதிக்கு மேல் விடுபட்டிருக்கிறது" என்று நாடறியச் சொல்லும் பொறுப்புள்ள ஓர் அவை அன்று இந்தியாவில் இல்லை. ஆணையமா? அதன் தலைவர்தான் பேசியவர். துறையா? அதன் செயலாளரும் அவரே. அவ்வாண்டு இறுதியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நிலத்தடி வெடிப்புக்கான ஆயத்த ஆய்வுக்கு இசைந்தார். 1966 ஜனவரி 24 அன்று பாபா ஆல்ப்ஸ் மலையில் விமான விபத்தில் இறந்தார். அடுத்து வந்த விக்ரம் சாராபாய்தான், ஒரு குண்டு என்பது ஒரு குண்டு மட்டுமன்று, அதன் பின்னே வரும் முழுப் பாதுகாப்பு அமைப்பின் செலவும் அதில் அடங்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார், ஆயத்தங்களையும் நிறுத்தினார். இங்கும் பாருங்கள்: தொடங்கியதும் ஒரு மனிதரின் மனம், நிறுத்தியதும் ஒரு மனிதரின் மனம். 1971 டிசம்பர் 30 அன்று சாராபாய் மறைந்தார். தடுத்த மனம் போயிற்று, தடுப்பும் போயிற்று.

1974 மே 18. பொக்ரான். கனடா தந்த அணுஉலையில், அமெரிக்கா தந்த கனநீரில் பிறந்த புளூட்டோனியம் மண்ணுக்கடியில் வெடித்தது. 'அமைதிக்கான அணுவெடிப்பு' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அமைதியையும் போரையும் பிரித்தறிய முடியாது என்று தந்தை 1948-இல் சொன்னார். பிரித்துக் காட்டிவிட்டோம் என்று மகள் 1974-இல் சொன்னார். முடிவெடுத்த கூட்டங்களில் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்: பிரதமர் இந்திரா காந்தி, அறிவியலாளர்கள் ஹோமி சேத்னா, ராஜா ராமண்ணா, பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் நாக் சௌத்ரி, பிரதமரின் ஆலோசகர்கள் பி.என். ஹக்ஸர், பி.என். தர். ஹக்ஸரும் தரும் தயங்கினார்கள், பொருளாதாரம் தாங்காது என்று தர் கடுமையாக எதிர்த்தார் என்று ராமண்ணாவின் நினைவு நூல் கூறுகிறது. அமைச்சரவை கூடி விவாதித்ததா? இல்லை. பாதுகாப்பு அமைச்சர் ஜகஜீவன்ராம் அந்த வட்டத்துக்கு உள்ளே இருந்தாரா? இல்லை. அந்த அறையில் நடந்தவற்றுள் நாம் அறிந்தவை பெரும்பாலும் அங்கிருந்தவர்கள் முதுமையில் எழுதிவைத்த நினைவுகளால் அறிந்தவையே. அறுபது கோடி மக்களின் தலைவிதி ஆறேழு பேரின் நினைவாற்றலில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். எல்லா நாட்டிலும் இப்படித்தானே, குண்டைப் பற்றிய ஆலோசனையைக் கடைத்தெருவில் நடத்துவார்களா என்பார்கள். அமெரிக்காவைப் புகழ நமக்கு எந்தக் காரணமும் இல்லை. குண்டை மனிதர்கள் மீது போட்ட நாடு அதுதான். 1945-இல் அங்கே இடைக்காலக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அதற்கு அறிவியலாளர் நால்வரைக் கொண்ட துணைக்குழுவும் உண்டு. குண்டைப் போடலாமா என்பதைவிட எப்படிப் போடுவது என்பதே அங்கு ஓங்கி நின்ற கேள்வி. மக்கள் மீது போடாதீர்கள், முதலில் ஆளில்லா இடத்தில் வெடித்துக் காட்டுங்கள் என்று ஜேம்ஸ் பிராங்க் தலைமையில் சிக்காகோ அறிவியலாளர்கள் ஜூன் மாதம் எழுதிக் கொடுத்தார்கள். படையில் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று நால்வர் குழு எழுதிவிட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1,40,000 பேர் மாண்டார்கள். ஆலோசனைக் குழு என்ற பெயர்ப்பலகை மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆயினும் அதே நாட்டில் நான்காண்டு கழித்து நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே அணுசக்தி ஆணையம் ஒன்றையும், அதற்கு ஆலோசனை கூற வெளியாரைக் கொண்ட பொது ஆலோசனைக் குழு ஒன்றையும் தனித்தனியே வைத்தது. 1949 அக்டோபர் இறுதியில், ஹைட்ரஜன் குண்டைச் செய்யலாமா என்ற கேள்வி அக்குழுவின் முன் வந்தது. தலைவர் ஓப்பன்ஹைமர். கூடியிருந்த எட்டுப் பேரும் முழுவேகத்தில் அதைச் செய்யலாகாது என்றார்கள். ஃபெர்மியும் ராபியும் இன்னும் ஒரு படி மேலே சென்று, எந்த நோக்கில் பார்த்தாலும் அது தீமையே என்று தனிக்குறிப்பு எழுதினார்கள். குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதைக் கேட்கவில்லை. 1950 ஜனவரி 31 அன்று செய்யுங்கள் என்று ஆணையிட்டார். 1954-இல் ஓப்பன்ஹைமரின் நம்பகச் சான்றே பறிக்கப்பட்டது. அந்தப் பறிப்பை அமெரிக்க அரசு 2022 டிசம்பரில்தான் செல்லாது என்றது. அவர் இறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆக, அங்கும் இடித்துரைத்தவர் வென்றாரில்லை. ஆனால் இடித்துரைத்தார், அது ஏட்டில் ஏறிற்று, யார் சொல்லை மீறி யார் முடிவெடுத்தார் என்பது உலகுக்குத் தெரியும். இங்கே மீறுவதற்கே ஒரு சொல் இல்லை. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, இடித்துரைக்கும் துணையில்லாத மன்னனின் நிலையைச் சொன்னார். நாமோ இடித்துரைக்க இயலாதபடி துணையை வடிவமைத்துவிட்டு, அதற்கு ஆணையம் என்று பெயரிட்டோம்.

எல்லைக்கு அப்பால் நடந்ததும் மேலானதன்று. 1972 ஜனவரியில் பூட்டோ முல்தானில் அறிவியலாளர்களைக் கூட்டி, குண்டு வேண்டும் என்று கேட்டு ஆரவாரம் பெற்றார். அதில் ஊக்கம் காட்டாத அணுசக்தி ஆணையத் தலைவர் உஸ்மானி நீக்கப்பட்டு முனீர் அகமது கான் அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் அதை 'இஸ்லாமியக் குண்டு' என்று எழுதியவர்களும் உண்டு, அதைக் கேட்டுப் பூரித்தவர்களும் உண்டு. பெண்ணையும் பிள்ளையையும் வேறுபாடின்றி எரிக்கும் பொருளுக்கு அந்த அடைமொழியைச் சூட்டியதைப் போன்ற அவமதிப்பு நம் மார்க்கத்துக்கு வேறில்லை.

ஏனெனில் மஷூரா என்ற சொல்லை நாம் இன்று கற்றவர்கள் அல்லர். திருமறையில் ஓர் அத்தியாயத்துக்கே ஷூரா என்று பெயர். பத்ரில் படை தங்கிய இடத்தைப் பார்த்த ஹுபாப் (ரலி) அவர்கள் நபிகள் நாயகத்திடம் (ஸல்) முதலில் கேட்டது ஒரு கேள்வி: இந்த இடம் இறைவன் அறிவித்ததா, அல்லது தங்கள் கருத்தும் போர் உத்தியுமா? கருத்துதான் என்று விடை வந்ததும், அப்படியாயின் இது தக்க இடமன்று, நீர்நிலைக்கு அருகே செல்வோம் என்றார், படை நகர்ந்தது. அவர் படைத்தலைவர் அல்லர். எந்தக் குழுவிலும் அமர்த்தப்பட்டவர் அல்லர். கேள்வி போருக்கு முன் கேட்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். இதைக் கேட்டு வளர்ந்த சமுதாயம், ஆலோசனை என்ற பெயரில் நடக்கும் எதையும் ஆலோசனை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இனி 1998. அவ்வாண்டு மார்ச்சில் பொறுப்பேற்ற கூட்டணி அரசு, தேசியப் பாதுகாப்பு மன்றம் ஒன்றை அமைத்து, நாட்டின் பாதுகாப்பு நிலையை முதன்முறையாக முழுமையாக ஆராயச் செய்வோம் என்று தன் செயல்திட்டத்தில் எழுதியது. நல்ல வாக்குறுதி. மே 11 அன்றும் 13 அன்றும் பொக்ரானில் ஐந்து வெடிப்புகள் நடந்தன. மன்றம் அமைக்கப்பட்டதோ நவம்பரில்! டிசம்பரில் அதன் ஆலோசனைக் குழு வந்தது. அமைப்பாளர் திருச்சியில் பிறந்த சுப்பிரமணியம். 1999 ஆகஸ்ட் 17 அன்று அணுஆயுதக் கோட்பாட்டின் வரைவை அது வெளியிட்டது. அப்போது அரசு மக்களவையில் நம்பிக்கை இழந்து, தேர்தலை எதிர்நோக்கி நின்றது. வரைவு குழுவினுடையது, அரசின் கொள்கை அன்று என்று அமைச்சர்களே விலகிக்கொண்டார்கள். 2003 ஜனவரியில்தான் அரசு தன் கோட்பாட்டைச் சுருக்கமாக அறிவித்தது. முதலில் வெடி, பின்னர் அவை, அதன் பின்னர் கொள்கை. வீட்டைக் கட்டிக் குடிபுகுந்த பிறகு மனை பார்க்க ஆள் அனுப்பியது போல.

சுப்பிரமணியம் அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இந்தியாவுக்குக் குண்டு வேண்டும் என்று பல்லாண்டுகள் தம் பெயரிட்டு எழுதி, மறுப்புகளுக்கு வெளிப்படையாக விடை கூறியவர் அவர். நாம் அக்கருத்தை ஏற்காதிருக்கலாம். அந்த நேர்மையை ஏற்கத்தான் வேண்டும். மேலும், 1999-ஆம் ஆண்டுக் கார்கில் போரை ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். அதன் அறிக்கை சில பகுதிகள் நீக்கப்பட்டு 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நூலாகக் கடையிலும் விற்றது. பிரதமர்கள் அடுத்தடுத்து அணுஆயுதச் செய்தியைத் தங்கள் அமைச்சர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்று அந்த அறிக்கையே எழுதியது. நாட்டின் இரகசியம் கெட்டுவிடாமல் உண்மையை எழுதி வெளியிட முடியும் என்பதை அவர் தலைமையேற்ற குழுவே காட்டிவிட்டது. முடியாது என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, நம் வீடுகளுக்குள் வருவோம். அப்துல் கலாம் அவர்களின் படம் இல்லாத முஸ்லிம் பள்ளிக்கூடம் திருச்சி வட்டாரத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். எளிய குடும்பத்தில் பிறந்து, உழைப்பால் உயர்ந்து, 2002-இல் குடியரசுத் தலைவராகி, பதவி நீங்கிய நாளிலும் கைசுத்தமாக வெளியேறிய பெருமகனார் அவர். நம் பிள்ளைகள் அவரைப் போற்றுவது முறையே. ஆனால் 1998-இல் அவர் அமர்ந்திருந்த நாற்காலி எது? பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர். அதே வேளையில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் செயலாளரும் அவரே. 1954-இல் பாபாவுக்குத் தைத்த சட்டையை நாற்பது ஆண்டுகள் கழித்து, வேறு துறையில், இன்னொரு நல்ல மனிதருக்கு அணிவித்திருந்தார்கள். குறை மனிதரில் இல்லை, சட்டையின் வெட்டில் இருக்கிறது. 2011 நவம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தை அவர் பார்வையிட்டு, அஞ்சவேண்டாம் என்றார். அடுத்த ஆண்டு தமிழக அரசு அமைத்த நால்வர் குழுவில் அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் ஒருவரே உறுப்பினர். பற்றவைத்தவர்களே சான்று தரும் பழக்கம் குண்டோடு நிற்கவில்லை. 1983-இல் பாதுகாப்புக்கென்று அமைத்த ஒழுங்குமுறை வாரியத்தையும் அதே ஆணையத்தின் கீழ்தான் வைத்தார்கள். அதற்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-இல் எழுதினார்.

இதையெல்லாம் நாம் ஏன் கேட்பதில்லை? அறியாமை மட்டும் காரணமன்று. அச்சமும் ஒரு காரணம். முஸ்லிம் ஒருவன் குண்டைப் பற்றி ஐயம் எழுப்பினால் அவன் எந்த நாட்டுக்காகப் பேசுகிறான் என்று கேட்பார்கள் என்னும் அச்சம். கலாமைக் காட்டி நம்மை அளக்கிறார்கள். நாமும் அவர் படத்தை மாட்டி அந்த அளவுகோலுக்கு வளைந்துகொடுக்கிறோம். கேள்வி கேட்ட கிருஷ்ணமூர்த்தி ராவின் நாட்டுப்பற்றை யாரும் ஐயுறவில்லை. சாஹாவையும் இராஜாஜியையும் ஐயுறவில்லை. அவர்களுக்கு இருந்த உரிமையில் ஓர் அணுவும் குறையாத உரிமை நமக்கும் உண்டு. அதைக் கடன் கேட்டுப் பெற வேண்டியதில்லை. படத்தைக் காட்டி ஈடு வைக்கவும் வேண்டியதில்லை.

ஒவ்வோர் அக்டோபர் 15 அன்றும் கலாம் பிறந்தநாளையொட்டிப் பள்ளிகளில் வினாடி வினாப் போட்டிகள் நடக்கின்றன. எந்த ஊரில் பிறந்தார், எந்தக் கல்லூரியில் படித்தார், எந்த ஏவுகணைக்கு என்ன பெயர் என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் விடை சொல்லிப் பரிசு வாங்குகிறார்கள். வருகிற ஆண்டு வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் இரண்டு வினாக்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். 1948 ஏப்ரல் 6 அன்று அணுசக்தி மசோதாவின் மீது எழுந்து நின்று, இந்த இரகசியம் எதற்கு என்று கேட்ட உறுப்பினர் யார்? அவருக்கு நேரு கூறிய மறுமொழி யாது?